பட்டியலின் ஏழாவது வரி

"வெள்ளி. பிற்பகல் 2.10. தளத்திலிருந்து கடிதம். ஏழாவது வரி. இரண்டு வாரம்."

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். மற்ற நாட்களில் மழையா வெயிலா, ஃபெரி எத்தனை நிமிடம் தாமதம், மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதுவரை எழுதிவைக்கிறவன் நான். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. பக்கத்தின் தலையில் தேதியும் ஆண்டும் இருக்கின்றன. அவற்றை இங்கே எடுத்தெழுதவில்லை. தேதி போடாத குறிப்பு குறிப்பே இல்லை என்று பலரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் தேதியை மறைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மின்னஞ்சலில் வந்த அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் ஒரு நிரலை இணையத்தில் வைத்திருக்கும் தளம் அமெரிக்காவில் பதிவான நிறுவனம். எங்கள் பங்களிப்பாளர் பட்டியலில் ஏழாவதாக இருப்பவர், தடை விதிக்கப்பட்ட நாடொன்றில் வசிப்பதாகத் தெரியவந்திருக்கிறதாம். அவரிடமிருந்து இனி எந்தத் திருத்தத்தையும் ஏற்கக்கூடாது, பட்டியலிலிருந்து அவரை நீக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் செய்யாவிட்டால் நிரல் முழுவதும் முடக்கப்படும். அவர் வேறு நாட்டில் வசிப்பதற்குச் சான்று இருந்தால் அனுப்பலாம். கடிதத்தின் அடியில் ஆள் பெயர் இல்லை. ஒரு பிரிவின் பெயர் மட்டும் இருந்தது.

அந்த நிரல் செய்வது சின்ன வேலை. இஸ்லாமிய ஹிஜ்ரி நாளையோ தமிழ் நாளையோ கொடுத்தால், அது ஆங்கில நாட்காட்டியில் எந்த நாள் என்று சொல்லும். திறமூல மென்பொருள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். வீடு கடலுக்கு இக்கரையில், தீவின் டத்தோ கிராமாட்டில்; தினமும் ஃபெரியில் போய்வருகிறேன். சனிக்கிழமைகளில் ஜார்ஜ் டவுனின் பழைய முஸ்லிம் மையவாடிகளில், அடக்கத்தலங்களின் மேல் நட்ட மீசான் கற்களைப் படிப்பது என் பழக்கம். பெயர், ஊர், இறந்த நாள். படமெடுத்து, படித்து, எண் போட்டு வைக்கிறேன். யாராவது தங்கள் குடும்பத்தைத் தேடி வந்தால் கொடுக்கிறேன்.

நிரலை எழுதியவள் பாகான் டாலாமிலிருந்து பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண். எங்கோ கிடைத்த பழைய கோயில் அழைப்பிதழில் இருந்த தமிழ்த் தேதியைக் கேட்டு என்னிடம் வந்தாள். நான் பஞ்சாங்கத்தை விரித்து அரைமணி நேரம் கணக்குப் போட்டதைப் பொறுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் நிரலோடு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் அண்ணன், எனக்கு அவள் தங்கச்சி.

ஏழாவது வரியில் இருந்தவர் ஈரானில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறவர். நாட்டின் பெயரைச் சொல்கிறேன். ஊரின் பெயரை இனி எங்கேயும் எழுதமாட்டேன். அவர் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லப்போவதில்லை.

அவர் வந்தது ஒரு உடைந்த கல்லால். மையவாடியின் ஓரத்தில் சாய்ந்திருந்த ஒரு மீசான் கல்லின் வலது மூலை உடைந்து விழுந்திருந்தது. கல்லில் பெயர், ஊர், மாதம், நாள், வெள்ளிக்கிழமை என்ற கிழமை எல்லாம் இருந்தன. ஆண்டின் கடைசி எண் மட்டும் இல்லை. புல்லுக்குள் தேடி விரல் நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்தேன். அதில் எட்டு இருந்தது. ஆனால் அந்த ஆண்டைப் போட்டால் நிரல் செவ்வாய்க்கிழமை என்றது. ஒரு நாள் இரண்டு நாள் முன்பின் வந்தால் பிறை பார்த்ததில் வந்த வித்தியாசம் என்று விட்டுவிடலாம். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. நான் நிரல்தான் தப்பு என்று முடிவுகட்டி, தளத்துக்கு வெளியே, கணக்கில்லாமல் யாரும் எழுதக்கூடிய எங்கள் பொதுப் பக்கத்தில் துண்டின் படத்தையும் போட்டு, கொஞ்சம் அதட்டலாகவே கேட்டிருந்தேன்.

முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. "துண்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களா?"

அரபு எண்களில் ஏழு என்பது மேலே வாய் திறந்த கூம்பு. அதைக் கவிழ்த்தால் எட்டு. மறுநாள் மையவாடிக்குப் போய்த் துண்டைத் திருப்பிக் கல்லின் மூலையில் பொருத்தினேன். சிக்கென்று உட்கார்ந்தது. ஏழு. நிரலும் வெள்ளிக்கிழமை என்றது.

அதன்பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. நாளோடு கிழமையையும் வாங்கிக்கொண்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லும் பகுதியை முழுக்க அவரே எழுதினார். இன்று எங்கள் நிரலில் யாராவது எதையாவது பாராட்டினால் அது அந்தப் பகுதியைத்தான். அவர் தளத்தில் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து அது சுலபமில்லை என்று மட்டும் சொன்னார். மின்னஞ்சலில் திருத்தம் வரும். தங்கச்சி அதை அவர் பெயரிலேயே தளத்தில் ஏற்றுவாள். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனக்கு வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளம். ஜும்ஆ முடித்து அலுவலகம் வந்து உட்காரும் நேரம் அவருக்குக் காலை. இப்படிப் பல வருடம், வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்றால் அவருடைய கடிதம் வரும் நேரம். தளத்தின் கடிதமும் அதே நேரத்தில்தான் வந்தது. அவருடையது என்று நினைத்துத்தான் திறந்தேன்.

மறுநாள் தங்கச்சியை ஃபெரித் துறைக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். கடிதத்தை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அவரு அக்கவுண்டே வச்சிக்கலியேண்ணே. மெயில்ல வரும், நான் ஏத்துவேன். அப்புறம் இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

நான் பட்டியலைத் திறந்து கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினேன். பட்டியலைப் பராமரிப்பது என் பொறுப்பு. அவள் அதுவரை அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"பேரு, ஊரு, நாடு, எந்தத் தேதியில சேந்தாரு, என்னா கிழமை…" படித்துக்கொண்டே போனவள் நிமிர்ந்தாள். "ஏண்ணே, சூராட் பெரானாக்ல கூட இவ்ளோ இருக்காதுலா! எங்கம்மா எனக்கு எடுத்த பொறந்த பேப்பர்ல கிழமை இல்ல, தெரியுமா?"

"ஊரு போடாட்டி அது என்னா பேரு தங்கச்சி? ஒரே பேருல நூறு ஆளு இருப்பான்."

"இருக்கட்டுமே! நூறு ஆளு இருந்தா அவரு பாட்டுக்கு நூத்துல ஒருத்தரா இருந்திருப்பாருல்ல?"

கைப்பேசியை எடுத்து ஏழாவது வரியை மறுபடி படித்தேன்.

எங்கள் ஆட்கள் கல் வைக்கும்போது பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டார்கள். கடல் தாண்டி வந்து இறந்தவன் எந்தக் கரையிலிருந்து வந்தவன் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். ஊர் வெட்டிய கல்லுக்கு மட்டும்தான் என்னால் வாரிசைத் தேடிக் கொடுக்க முடிந்திருக்கிறது. வெறும் பெயர் மட்டும் உள்ள கற்கள் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பழக்கத்தில்தான் பங்களிப்பாளர் பட்டியலையும் எழுதினேன். முதல் வரியில் அவள், பாகான் டாலாம். இரண்டில் நான், டத்தோ கிராமாட். மூன்றில், தோட்டத்துக் கோயில் அழைப்பிதழ்களை வைத்துத் தமிழ்த் தேதிகளைச் சரிபார்த்துத் தரும் எஸ்டேட் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், நிபோங் திபால். அப்படியே ஏழாவது வரியும், அதன்பிறகு வந்தவர்களும். மற்ற திட்டங்களின் பட்டியல்களில் வெறும் புனைபெயர்கள் இருப்பதைப் பார்த்து, இவர்களுக்கெல்லாம் மரியாதை தெரியவில்லை என்று நினைத்ததுண்டு. ஏழாவது வரியை எழுதுவதற்குமுன் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பார்த்துவிட்டு அவர் எழுதினார்: "எங்கள் ஊரின் பெயரை வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை." அந்தக் கடிதத்தை நான் அச்செடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினேன்.

"அப்ப இப்ப அழிச்சிருவோம். ஊர மட்டும்," என்றேன்.

"அழிச்சா? பழைய வெர்ஷன் எல்லாம் அப்படியே இருக்கும்ணே. யாரு எழுதுனா, யாரு அழிச்சா, எத்தன மணிக்கு, எல்லாம். அதுக்குத்தானே உங்களுக்கு இது ரொம்பப் புடிச்சிச்சு?"

உண்மைதான். நிரல் எழுதத் தெரியாத என்னை அந்த உலகத்துக்குள் இழுத்ததே அதுதான். எதை மாற்றினாலும் முன்பிருந்தது அழியாமல் தேதியோடு பின்னால் நிற்கும். இப்படி ஒரு குறிப்பேட்டைத்தான் வாழ்நாள் முழுக்கத் தேடினேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

கடைக்காரருக்கு எங்கள் பேச்சில் பாதி காதில் விழுந்திருக்க வேண்டும். மேசையைத் துடைக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"அமெரிக்காக்காரன் அப்படித்தாண்ணே. அவன் சாமானையே தொடக்கூடாது. நான் எங்கூட்ல எல்லாத்தையும் நிறுத்திட்டேன்," என்று தன் கைப்பேசியில் இருந்த புறக்கணிப்புப் பட்டியலை எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, மொதல்ல அந்த போனக் கீழ வைங்க," என்றாள் தங்கச்சி.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் யாரிடம் இதைச் சொன்னாலும் எனக்குக் கிடைத்தது உலக அரசியல்தான். பள்ளிவாசலில் ஒருவர் எண்ணெயைப் பற்றிப் பேசினார். அலுவலகத்தில் ஒருவர் அணுகுண்டைப் பற்றி. என் மைத்துனர், அந்த நாட்டு அரசாங்கம் தன் மக்களுக்கே செய்வதை அடுக்கினார். எல்லாமே உண்மையாக இருக்கலாம். கல்லைத் திருப்பிப் பிடி என்று சொன்ன ஒரு கணித ஆசிரியரைப் பற்றி யாருமே பேசவில்லை.

இதில் எனக்குக் கூடுதலாக எரிச்சல் தரும் விஷயம் ஒன்று உண்டு. இந்த வேலையின் மறுபக்கத்தில் தினமும் உட்காருகிறவன் நான்தான். சரக்கு யாருக்குப் போகிறதோ அவர் பெயரைக் கணினியில் அடிக்க வேண்டும். தடைப்பட்டியலில் உள்ள பெயர்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் சரக்கு நிற்கும். எங்கள் அரசாங்கம் ஐ.நா. விதிக்கும் தடைகளை மட்டுமே ஏற்பதாகச் சொல்கிறது. ஆனால் கப்பலும் வங்கியும் காப்புறுதியும் வேறு கணக்கில் நடக்கின்றன. பல வருடம் பெயர்களை அடித்திருக்கிறேன், நிறுத்தியிருக்கிறேன், சாப்பிடப் போயிருக்கிறேன். கடிதம் வந்த வாரம், யாரும் பார்க்காத நேரத்தில், என் பெயரையே அடித்துப் பார்த்தேன். பொருத்தங்கள் திரை நிறைய வந்தன. எல்லாம் என் பெயர்தான். பிறந்த நாளும் ஊரும் மட்டும்தான் என்னை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டின. என்னைக் காப்பாற்றியதும் ஊர்தான், அவரை மாட்டிவிட்டதும் ஊர்தான். பக்கத்து மேசைப் பெண், "என்னா அண்ணே, ஷிப்மன்ட் ஹோல்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தளத்துக்கு எழுதினேன். இது ஒரு நாட்காட்டி நிரல், இதில் ரகசியம் ஒன்றுமில்லை, இவர் எந்த அரசுக்கும் வேலை செய்யவில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் என்று இரண்டு பக்கம். என் ஆவணப் பழக்கத்தில் பின்னிணைப்பு வேறு: அவர் அனுப்பிய ஒவ்வொரு திருத்தமும், நாள்வாரியாக. அனுப்பிய சில வினாடிகளில் பதில் வந்தது. அக்கறைக்கு நன்றி, முதல் கடிதத்தைப் பார்க்கவும். இரண்டாவது கடிதத்தில், கல்வி சம்பந்தமானவற்றுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். நான்கு நாள் கழித்து, சட்ட ஆலோசனை தருவதற்கில்லை என்றார்கள். மூன்றாவதாக, எந்த விதியின் எந்தப் பிரிவு என்று மட்டும் சொல்லுங்கள், பதிவுக்காக, என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. மனிதர் யாராவது படித்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்புறம்தான் உறைத்தது: நாள்வாரியாகப் பின்னிணைப்பு தயாரித்து, அவருக்கு எதிரான சாட்சியத்தை நானே இன்னும் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை தங்கச்சி ஒரு யோசனையோடு வந்தாள்.

"செனாங்கா, ஈஸியா ஒரு வழி இருக்குண்ணே. வேற நாட்டுல இருக்காருன்னு ப்ரூஃப் கேக்குறாங்கல்ல? எங்கூட்டு அட்ரஸ் குடுத்துருவோம். மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. வாடகைக்கு இருக்காருன்னு ஒரு லெட்டர். அவ்ளோதான்."

"பொய்தானே அது."

"நீங்க பொய் எழுத வேணாம்ணே, நான் எழுதுறேன். நீங்க தேதி மட்டும் கரெக்டா போட்டுக் குடுங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று மதியம் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன், தேதி மட்டுமல்ல, முழுவதையும். எந்த மாதம் வந்தார், மாடி அறைக்கு எந்த வழியாகப் படி, எந்த நாளில் வாடகை ஒப்பந்தம் என்று அவ்வளவும். நாற்பது வருடம் பிறர் எழுதிய பொய்த் தேதிகளைக் கண்டுபிடித்துத் திட்டியவனுக்கு, பொய்த் தேதி எப்படி இருந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு பொதுவிடுமுறை நாளில் ஒப்பந்தம் போட்டதாக வந்துவிட்டதைக் கண்டு, ஒரு நாள் தள்ளி எழுதினேன். அந்த ஒரு நாள் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆனால் அவருடைய சம்மதம் இல்லாமல் அனுப்பக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். ஊரைக் கேட்காமல் எழுதியது போதும். மின்னஞ்சலில் எல்லாவற்றையும் சொன்னேன்: தளத்தின் கடிதம், என் பட்டியல், என் தவறு, பாகான் டாலாம் மாடி அறை. கடைசித் தேதி அடுத்த வெள்ளி என்றும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆங்கிலத்தில், அவருடைய வழக்கமான சின்ன வாக்கியங்கள். மாடி அறைக்கு நன்றி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரித்திருந்தார். அப்புறம்: "கிழமை பொருந்தாவிட்டால் கல்லைச் சந்தேகிக்காமல் படித்தவரைச் சந்தேகியுங்கள் என்று நிரலில் எழுதியவர் நான். என்னைப் பற்றிப் பொருந்தாத நாளை நீங்கள் எழுத நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? நான் இங்கேதான் இருக்கிறேன். அப்படியே எழுதுங்கள். நிரல் மூடப்படக் கூடாது. என் வரியை எடுத்துவிடுங்கள்."

என்மேல் கோபம் என்று ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த ஆளுக்குத் தளத்தின்மேலும் கோபம் இல்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் அரசாங்கம் செய்வதற்கும் அவர்களை எதிர்க்கும் அரசாங்கம் செய்வதற்கும் நடுவில் நின்று பழகிப்போன ஒருவருக்கு இது பத்தோடு பதினொன்றாக இருக்கலாம். எனக்குப் பழகவில்லை. அவர் எழுதிய பகுதி தொடர்ந்து அங்கே இருக்கும், ஓடும், தளத்துக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒருவரும் அதை இறக்கிக்கொள்ளலாம், நன்றி சொல்ல வேண்டியதில்லை. எழுதியவரின் பெயர்தான் கூடாது. சரக்கை இறக்கிக்கொண்டு, அனுப்பியவரின் பெயரைச் சீட்டிலிருந்து கிழித்துவிடு என்று எந்தத் துறைமுகத்திலும் நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அலுவலகம் வந்ததும் தங்கச்சியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"நீயே எடுத்துடு தங்கச்சி. எனக்குச் சுசாவா, கஷ்டமா இருக்கு."

"நான் எடுக்கமாட்டேன்ணே."

"எனக்கு அந்த பட்டன் எல்லாம்…"

"பட்டன் உங்களுக்கு நல்லாத் தெரியும். பட்டியல்ல ஒரு புள்ளி தப்பா இருந்தாக்கூட நீங்களே போய்த் திருத்துவீங்க. நீங்க எழுதுனது. நீங்களே அழிங்க."

தொலைபேசியை வைத்துவிட்டாள்.

2.40க்கு அழித்தேன். பெயர், ஊர், நாடு, சேர்ந்த நாள், கிழமை. மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. தங்கச்சி வழக்கமாக இரண்டு சொல்லில் முடித்துவிடுவாள். நானும் அதில் "தளத்தின் உத்தரவு" என்று போட்டேன். அதன் பக்கத்தில் தளம் தானாகவே என் பெயரையும் நேரத்தையும் பதித்தது. அது அழியாது. எங்கள் திட்டத்தின் வரலாற்றைப் பின்னால் யாராவது படித்தால், ஏழாவது வரியை எழுதியவனும் நான், எடுத்தவனும் நான் என்று இருக்கும்.

ஏழு என்ற எண்ணை மட்டும் விட்டுவைத்தேன். ஆறுக்குப் பிறகு ஏழு, அதற்கு எதிரே ஒன்றுமில்லை, அப்புறம் எட்டு. சில வாரம் கழித்து எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர், பட்டியலில் பிழை இருக்கிறது, எண்களைச் சரிசெய்கிறேன் என்று திருத்தம் அனுப்பினார். நல்ல மனசோடுதான் அனுப்பியிருப்பார். ஏற்கவில்லை.

"ஒரு ரீசனாவது சொல்லுங்கண்ணே, பாவம்," என்றாள் தங்கச்சி.

"கல்லு உடைஞ்சிருக்குன்னு சொல்லு."

அவள் அப்படியே எழுதினாள். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ.

அவரோடு மின்னஞ்சல் மட்டும் தொடர்ந்தது. நிரலைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஊர் மாதுளை, எங்கள் ஊர் மழை. நான் படிக்க முடியாத கல் ஒன்றின் படத்தை அனுப்பினேன். அது உதவி கேட்பதாகுமோ, உதவி வாங்கினால் அது திருத்தமாகுமோ என்று அனுப்பியபின் பயந்தேன். கல்லுக்கே தடை வந்துவிட்ட மாதிரி. அவர் படித்துச் சொன்னார். "இதை நீங்களே படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்," என்றும் எழுதினார். என் பட்டியலில் அந்தக் கல்லுக்கு நேரே, படித்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அப்புறம் அவர்கள் நாட்டில் குண்டு விழுந்தது. கடையில் தொலைக்காட்சியில் பார்த்தேன். அங்கே இணையம் அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வார வெள்ளிக்கிழமையிலிருந்து இரண்டு மணிக்கு ஒன்றும் வருவதில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று கடிதம். பிறகு, பதில் தராத தளத்துக்கும் மூன்றோடுதான் நிறுத்தினேன் என்று நினைவு வந்ததும் நான்காவதை எழுதினேன். இணையம் திரும்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகும் பதில் இல்லை. அவர் ஊரில் யாரையும் எனக்குத் தெரியாது. விசாரிக்கலாம் என்றால், அவர் பெயரையும் ஊரையும் சேர்த்து எங்காவது எழுத வேண்டும். அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

இந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, தளத்தில் எங்கள் நிரலுக்கு ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியவரின் கணக்கு புதிது. பெயர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை. ஊர் இல்லை, நாடு இல்லை. கிழமை பார்க்கும் பகுதியில் யாரும் இதுவரை கவனிக்காத ஒரு பிழையை அது சரிசெய்திருந்தது. ஒவ்வொரு திருத்தத்தோடும், அது வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு சோதனைத் தேதி கொடுப்பது வழக்கம். இதில் கொடுத்திருந்தது அந்த உடைந்த கல்லின் நாள். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: துண்டைத் திருப்பிப் பார்க்கவும்.

அந்தக் கல்லைப் பற்றிய பழைய கேள்வி பதில் இருந்த பக்கம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அது நடந்தது எனக்கும் தங்கச்சிக்கும் அவருக்கும்தான் தெரியும். அந்நாளில் படித்த வேறு யாராவது நினைவில் வைத்திருக்கவும் வாய்ப்புண்டு.

சனிக்கிழமை தங்கச்சியிடம் காட்டினேன். அவள் பால் விடாத தேநீரை, தே ஓவை, கலக்கிக்கொண்டே படித்தாள்.

"நல்லா இருக்கே. ஏத்திருவோம்."

"இது நீயா?"

"நானா? எனக்கு வேற வேல இல்லியா?" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னதாக எனக்குப் பட்டது. அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு, "அண்ணே, யாரு, எந்த ஊருன்னு கேட்டுக் கேட்டு எழுதித்தான் இவ்ளோ கூத்தும் ஆச்சு. இதையாவது கேக்காம விடுங்களேன்லா," என்றாள்.

அந்தக் கணக்குக்கே எழுதி, நீங்கள் யார் என்று கேட்க ஒரு வழி தளத்தில் இருக்கிறது. ஒரு பொத்தான்தான். கேட்டால், பதில் தளத்திலேயே தேதியோடு நிற்கும். அவரானால், மறுபடியும் என் கையால் மாட்டிக்கொள்வார். அவரில்லையானால், எனக்கு அது தெரியவரும். இந்த இரண்டில் எதற்குப் பயந்து கேட்காமல் விட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை திருத்தத்தை ஏற்றோம். புதிதாகப் பங்களிப்பவரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் விதி. பட்டியலின் அடியில் அடுத்த எண் பன்னிரண்டு. அதில் அந்தக் கோவையை மட்டும் எழுதினேன். ஊர், நாடு, கிழமை எதுவும் இல்லை. ஏழு இன்னும் காலியாகவே இருக்கிறது.

என் குறிப்பேட்டில் அன்றைக்கு எழுதியிருப்பது: "வெள்ளி. பிற்பகல் 2.05. மழை. ஃபெரி நேரத்துக்கு வந்தது. பன்னிரண்டாவது வரியும் ஏழாவது வரியும் ஒரே ஆளா என்பது உறுதி செய்யப்படவில்லை."